விற்காதே, காசு தர்றேன்!

காஞ்சிபுரம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு காரியம் செய்யலாம். கொடி எண்ணலாம். கட்சிக்கொடி இல்லை, அது தனிக் கணக்கு. கழனி நடுவில் வரிசையாகக் கல் நட்டு, கல்லுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, மஞ்சளும் சிவப்புமாக முக்கோணத் துணி படபடக்கும் பாருங்கள், அந்தக் கொடி. வாசலில் ஒரு வளைவு. வளைவில் 'கார்டன்', 'அவென்யூ', 'கிரீன் சிட்டி' என்று ஏதாவது ஒரு நாமகரணம். கிரீன் என்று பெயர் வைத்த இடத்தில்தான் பச்சை முதலில் காலியாகும் என்பது எழுதப்படாத விதி. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன் உண்டு. காலை டிபன், மதியம் சாப்பாடு, ஸ்பாட்டிலேயே அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசு. இட்லிக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று வேனில் யாரும் கேட்பதில்லை.

எங்க ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலுசெட்டிசத்திரம் போகிற திசையில். ஆபீசில் யாராவது 'சொந்த ஊர்?' என்று கேட்டால் சுருக்கமாகக் காஞ்சிபுரம் என்று சொல்லிவிடுவேன். ஒரு காலத்தில் உடனே "பட்டா?" என்பார்கள். புடவை எடுக்க ஆள் தெரியுமா என்று அர்த்தம். இப்போதும் "பட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா என்று அர்த்தம்.

எங்களுடையது கூட்டுப்பட்டா. இரண்டு ஏக்கர் சொச்சம், ஏரிப் பாய்ச்சல் நஞ்சை. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேர் பெயரில் இருந்தது. அப்பா போனபிறகு அந்தப் பங்கில் நான். சித்தப்பா பங்குக்கு அவர் பையன் பேசுகிறான், பெங்களூரிலிருந்து, வாட்ஸப்பில். ஒரு புரோக்கர் ஏக்கருக்கு எண்பது லட்சம் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு மேடவாக்கத்தில் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். எனக்கும் வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. பெரியப்பாவுக்கு வயது எழுபத்தாறு, அவருக்கு ஈ.எம்.ஐ. கிடையாது. அதனால் அவருக்கு மட்டும் கொள்கை இருக்கிறது.

"விக்கமாட்டேன்னு சொல்லலைடா. விக்காம இருந்தா எவன் என்னா தருவான்னு கேக்கறேன்" என்றார் போனவாரம்.

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் உலகத்தில் பல ஊர்களில் இந்தக் கேள்விக்கு கவர்ன்மென்ட் பதில் சொல்லியிருக்கிறது, செக் எழுதி. பக்கத்து ஸ்டேட்டிலேயே.

கேரளாவில் 1970-களின் நடுவில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் நெல் விளைந்தது. அது கரைந்து கரைந்து இரண்டு லட்சம் பக்கம் வந்து நின்றது. மீதியெல்லாம் ரப்பர், தென்னை, வாழை, துபாய்ப் பணத்தில் கட்டிய வீடு. பயந்துபோய் 2008-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: நெல்வயலையும் ஈரநிலத்தையும் மண்ணடித்து மேடாக்கக்கூடாது. இது தடி. தடியை மட்டும் காட்டினால் என்ன ஆகும்? மேடாக்கமாட்டான், பயிரும் வைக்கமாட்டான், புல் முளைக்க விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விடுவான். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2020-ல், கையில் கொஞ்சம் வெல்லத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நெல்வயலை நெல்வயலாகவே வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய். பெயர் என்ன தெரியுமா? ராயல்டி! சினிமாப் பாட்டுக்கும் நாவலுக்கும் தருகிற மாதிரி. வயல் மழைத்தண்ணியைப் பிடித்துவைக்கிறது, கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கிறது, வெள்ளம் வந்தால் தாங்குகிறது; இதற்கெல்லாம் வயல்காரருக்கு யாரும் பைசா கொடுத்ததில்லை, ஆகவே இது அந்த வேலைக்கான கூலி என்றார்கள். தரிசாகப் போட்டிருப்பவரும் வாங்கலாம். தானோ வேறு ஆளை வைத்தோ பயிரிட ஆரம்பித்துவிட வேண்டும். நெல்லுக்கு நடுவே உளுந்து, எள், காய்கறி போட்டாலும் சரி, வயலின் சுபாவம் மாறக்கூடாது. பிற்பாடு தொகையை 3,000 ஆக்கினார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். 3,000 என்றால் ஏக்கருக்கு 1,200 ரூபாய். வருஷத்துக்கு! ரெண்டு பேர் மாலுக்குப் போய், படம் பார்த்து, இடைவேளையில் பாப்கார்ன் வாங்கினால் தீர்ந்தது ராயல்டி.

எங்கள் கழனிக்குக் கணக்குப் போடுகிறேன், தப்பிருந்தால் விவசாயம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். ஏக்கருக்கு இருபது குவிண்டால் விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26-ல் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசு 2,369-ம் அதற்குமேல் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை 131-ம் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக 50,000. உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மிஷின் என்று முப்பத்தைந்து போனால் நிற்பது பதினைந்து. எங்கள் பக்கம் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம் உண்டு. ஏரி தயவு இருந்தால் இரண்டு நிச்சயம். வருஷத்துக்கு 30,000. ராயல்டி சேர்த்தால் 31,200. அந்த எண்பது லட்சத்தை பேங்கில் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தால், ஆறரை வட்டியில், 5 லட்சத்து 20 ஆயிரம். சேற்றில் இறங்க வேண்டாம், எலி வராது, கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அடுக்கிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம்.

31,200 எங்கே, 5,20,000 எங்கே! இந்த இடைவெளியில்தான் அந்த முக்கோணக் கொடியெல்லாம் பறக்கிறது.

தவிர, வருமான வரிச் சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. ஊர்ப்புறத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. பக்கத்து நகராட்சியின் எல்லையிலிருந்து இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த ஊர் ஜனத்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர். ரோட்டு வழியாக அளக்கக்கூடாது, ஆகாய மார்க்கமாக அளக்க வேண்டும். எங்கள் தம்பி கூகுள் மேப்பில் ஸ்கேல் வைத்து ராத்திரியெல்லாம் அளந்துகொண்டிருக்கிறான். காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனதும் எல்லை எங்கே முடிகிறது என்பதில் அவனுக்கு இருக்கும் அக்கறை மேயருக்குக்கூட இருக்காது. விவசாயியைக் காப்பாற்ற வந்த சலுகைதான் இது, மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில், கழனியை வைத்துக்கொள்கிறவனுக்கு இலவச மின்சாரமும் அனுதாபமும். விற்கிறவனுக்கு முழு வரிவிலக்கு!

அமெரிக்காக்காரன் வேறு மாதிரி யோசித்தான். நியூயார்க்கை ஒட்டின லாங் ஐலண்டில் சஃபோக் என்று ஒரு கவுன்ட்டி. உருளைக்கிழங்கு விளைகிற பூமி. நியூயார்க் ஆசாமிகள் வீடு கட்ட வந்து, தோட்டம் தோட்டமாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். (எந்த ஊரிலும் சிட்டிக்காரன் கிராமத்தை ரசிக்க வந்து குடியேறியதும் அது கிராமமாக இருப்பதில்லை.) 1974-ல் அந்த கவுன்ட்டி ஒரு சட்டம் போட்டது. விவசாயியிடம் போய், 'நிலத்தை நீயே வச்சுக்க, உழு, விளைவி, பிள்ளைக்குக் கொடு. அதில் வீடு கட்டுகிற உரிமையை மட்டும் எங்களுக்கு வித்துடு' என்று விலை பேசியது. நிலம் பிளாட்டாகப் போனால் எவ்வளவு, விவசாய நிலமாகப் போனால் எவ்வளவு என்று மதிப்புப் போட்டு, வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் யார் வாங்கினாலும் அங்கே உருளைக்கிழங்குதான், கட்டடம் எழும்பாது.

உரிமையை மட்டும் தனியே பிரித்து விற்பதா, நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துவிட்டார். "படி" என்றார். பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி, சித்தம், சாத்தியம்' என்று ஒரு வரிசை வரும். அஷ்டபோகம் என்பார்கள். புதையல் ஓர் உரிமை, தண்ணீர் ஓர் உரிமை, மரம் ஒன்று, கல் ஒன்று. ஆகாமி என்றால் இனிமேல் வரப்போகிற லாபம். எட்டையும் தனித்தனியாக எண்ணித்தான் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். லாங் ஐலண்டில் வாங்கியது அந்த ஆகாமியைத்தான் என்று சொல்லலாம். நம் பத்திர எழுத்தர்கள் எட்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்து ஒரே விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் 1965-லேயே வில்லியம்சன் சட்டம் என்று ஒன்று. அது ஒப்பந்தம். 'பத்து வருஷம் விவசாயம் தவிர வேறெதுவும் செய்யமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் சொத்துவரியை மனை மதிப்பில் போடாமல் விளைச்சல் மதிப்பில் போடுவார்கள். கையெழுத்துப் போட்ட மறுவருஷம் ஒன்பதாகக் குறையாது. ஒவ்வொரு வருஷமும் தானாகப் புதுப்பித்து எப்போதும் பத்தாகவே நிற்கும். விலகுகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தால் அப்போதிலிருந்து ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லையா, மார்க்கெட் மதிப்பில் பன்னிரண்டரை பர்சன்ட் அபராதம். ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இதில் சேர்ந்தது. ஆனால் அங்கேயும் நம்ம ஆட்கள் உண்டு. நிலத்தை வாங்கிப்போட்டு, விலை ஏறும்வரை குறைந்த வரி கட்டலாமே என்று கையெழுத்துப் போட்டவர்கள். வரி குறைந்ததால் கவுன்ட்டிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஸ்டேட் ஈடு கொடுத்துவந்தது. 2009 வாக்கில் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் அதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள்.

இங்கே அந்த வித்தை பலிக்காது. நம்ம ஊரில் நஞ்சை நிலத்துத் தீர்வையை மொத்தமாகத் தள்ளுபடி செய்தாலும் மிச்சமாகிற பணம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குக் காணாது. இல்லாத வரியில் என்னத்தைக் குறைக்க?

ஜப்பான் சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டோக்கியோவில் அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு முள்ளங்கித் தோட்டம் இருக்கும். 'உற்பத்திப் பசுமை நிலம்' என்று பெயர். 1992-ல் அமுலுக்கு வந்த ஏற்பாட்டின்படி முப்பது வருஷம் பயிர் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் நகரத்து மனை வரி கிடையாது, விவசாய வரிதான். முப்பது வருஷம்! நடுவில் அந்த விவசாயி காலமானாலோ, உடம்பு முடியாமல் போனாலோதான் விடுதலை. 2022-ல் முப்பது வருஷம் முடிகிறதே, எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் மார்க்கெட்டுக்கு வந்து மனை விலை படுத்துவிடுமோ என்று அங்கே ஒரே கிலி. அரசாங்கம் பத்துப் பத்து வருஷமாக நீட்டிக்க வழி செய்தது. பெரும்பாலானவர்கள் நீட்டிக்கொண்டார்கள், முள்ளங்கி தப்பித்தது.

நம்ம தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது? 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு தோண்டக்கூடாது, தாமிர உருக்காலை கூடாது, தோல் தொழிற்சாலை கூடாது என்று பட்டியல். நல்ல சட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் பிளாட் போடுவது இல்லை. காஞ்சிபுரம் டெல்டாவிலும் இல்லை. அதற்கு முன்னால் 2016 செப்டம்பரில், 'யானை' ராஜேந்திரன் என்ற வக்கீல் போட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டது. ஆறு மாசம் ரியல் எஸ்டேட் அலறியது. 2017-ல் பழைய மனைகளைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள விதிகள் வந்தன. இப்போது கொடிக்குப் பக்கத்தில் 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று கூடுதலாக ஒரு போர்டு. கழனிக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. முறையாகச் செத்துப்போகலாம், அவ்வளவே.

2019-லிருந்து மத்திய அரசு பி.எம். கிசான் என்று வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையில், நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்குக் கொடுக்கிறது. அது உதவித்தொகை. நிலத்தை நிலமாக வைத்திரு என்கிற ஒப்பந்தம் அதில் கிடையாது.

இப்படிக் காசு கொடுப்பது சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குச் சம்பளம் இல்லையா என்று ஆபீசில் பக்கத்து சீட் நண்பர் கேட்டார். அவர் ஆடிட் செக்ஷன், அப்படித்தான் கேட்பார். நான் அவரைக் காஞ்சிபுரத்துத் தறிக்கு அழைத்துப் போனேன், பேச்சில்தான். கைத்தறிப் புடவைக்கு தள்ளுபடி தருகிறோம். நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம், 2023 வரை 200-ஆக இருந்தது. இன்னின்ன ரகம் கைத்தறியில்தான் நெய்யணும், மிஷின் தொடக்கூடாது என்று 1985-லேயே சட்டம் இருக்கிறது. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. இதெல்லாம் பிச்சை என்று யாரும் சொல்வதில்லை. விட்டால் போய்விடும், போனால் வராது என்பதால் செய்கிறோம். தறியாவது போனால் இன்னொரு தறி செய்து, கற்றுக்கொடுக்க ஒரு கிழவர் மிச்சமிருந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். கிராவல் அடித்து, தார் போட்டு, நடுவில் செப்டிக் டேங்க் இறக்கின கழனியை எந்தக் கிழவர் வந்து மீட்பார்?

நண்பர் "அதுக்கு என் வரிப்பணமா?" என்றார். அவர் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பரில் மாடியில் நின்று படகுக்குக் கைகாட்டினவர். அடையாற்றுக்குத் தண்ணீர் வருகிற வழியில் எத்தனை ஏரி, எத்தனை கழனி அந்த மழையைப் பிடித்துவைத்திருக்கலாம் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். விளக்கவேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று. ஏக்கருக்கு 1,200 என்றாலும் சரி, 12,000 என்றாலும் சரி, ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தால் எங்கள் பக்கம் உருப்படாது. காரணம், செங்கல்பட்டு சீமை என்பது ஏரிச் சீமை. ஏரி, மதகு, அதிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து வாய்க்கால், கழனி விட்டுக் கழனி பாய்கிற தண்ணி. நடுவில் ஒருத்தர் பிளாட் போட்டு வாய்க்காலை மூடிவிட்டால் கீழே இருக்கிற பத்துப் பேர் தங்கம் கொடுத்தாலும் நடவு செய்ய முடியாது. அவர்களும் வேறு வழியில்லாமல் கல் நடுவார்கள். முதல் ஆள் பேராசையில் விற்கிறான், பத்தாவது ஆள் தண்ணியில்லாமல் விற்கிறான். கலிஃபோர்னியாவில் இது தெரிந்துதானோ என்னவோ, ஒப்பந்தம் போட வேண்டுமானால் நூறு ஏக்கராவது சேர்ந்த வட்டாரமாக இருக்கணும் என்று வைத்தார்கள். இங்கே அந்த வட்டாரத்தைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஏரிக்கும் ஆயக்கட்டு என்று வரைபடமே இருக்கிறது. ஊக்கத்தொகையைப் பட்டாவுக்குக் கொடுக்காமல் ஆயக்கட்டுக்குக் கொடுத்தால்? மொத்த ஆயக்கட்டும் பயிராக இருந்தால் எல்லாருக்கும் தொகை. ஒருத்தர் கல் நட்டால் எல்லாருக்கும் கட். அப்புறம் கல் நடுகிறவனைத் தாசில்தார் கேட்க வேண்டாம், பக்கத்துக் கழனிக்காரரே கேட்டுக்கொள்வார். கொஞ்சம் பலமாகவே கேட்பார்.

இது ஒன்றும் என் மூளையில் உதித்ததில்லை. இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வரும்: ஏரிப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிவைத்த நிலம். 1767-லிருந்து 1774 வரை பர்னார்ட் என்ற வெள்ளைக்காரர் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலைப் பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்திருக்கிறார்கள். ஊர் மொத்தமாக வரவு, மொத்தமாகச் செலவு. பட்டா தனித்தனியாக ஆனபிறகுதான் ஏரி யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

இன்றைக்கும் எங்கள் பக்கம் பஸ்ஸில் போனால், கொடிகளுக்கு நடுவே சில இடங்களில் பச்சை விடாப்பிடியாக நிற்கும். விசாரித்தால் பாதிக்குமேல் கோயில் நிலமாக இருக்கும். அறநிலையத்துறை ஆணையர் அனுமதியில்லாமல் அதை விற்க முடியாது என்று 1959-ம் வருஷச் சட்டம். ஊக்கத்தொகை ஏதுமில்லாமல் விவசாயம் பண்ணுகிறார் பெருமாள். அவருக்கும் ஈ.எம்.ஐ. இல்லை.

பரந்தூர் விமானநிலையம் 2022 ஆகஸ்டில் அறிவிப்பானதிலிருந்து புரோக்கர்கள் குரலே மாறிவிட்டது. ஏகனாபுரத்துக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடிய ஊர் அது. அவர்கள் கழனிக்கு ஓர் எண்ணைச் சொல்லி அரசாங்கம் கேட்கிறது. எங்கள் கழனிக்கு ஒரு எண்ணைச் சொல்லி புரோக்கர் கேட்கிறார். 'எடுத்துக்கொள்ள' விலை நிர்ணயிக்க சட்டமும் கமிட்டியும் இருக்கிறது. 'விட்டுவைக்க' விலை நிர்ணயிக்க ஒரு மேஜை நாற்காலிகூடக் கிடையாது.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் கோர்வையாகச் சொன்னேன். கேரளா, கலிஃபோர்னியா, ஜப்பான் எல்லாம். வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். முடித்ததும், "பணம் யாருக்கு வரும்?" என்றார்.

"பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. நமக்குத்தான்."

"நாமளா பயிர் வைக்கிறோம்?"

வைக்கவில்லை. பெரியப்பாவுக்கு முட்டி போய் ஒன்பது வருஷமாகிறது. கழனியைப் பார்த்துக்கொள்கிறவர் மேலத்தெரு அண்ணா. அவர் அப்பாவும் எங்களிடம்தான் வைத்தார். போகத்துக்கு ஏக்கருக்கு நாலு மூட்டை குத்தகை. வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. எழுபத்தைந்து கிலோ மூட்டை. முன்னே போட்ட கணக்கில் நிற்கிற 30,000-த்தில் சரிபாதி, வரப்பில் கால் வைக்காமல், எங்களுக்கு வந்துவிடுகிறது. ராயல்டி வந்தால் அதுவும் எங்களுக்கு. பி.எம். கிசானும் நிலத்துக்காரருக்குத்தான், குத்தகைக்காரருக்கு இல்லை. மழைத்தண்ணியைப் பிடித்துவைப்பதற்கான கூலி என்கிறார்கள். வரப்புப் போட்டு மடை அடைத்து ராத்திரி டார்ச்சோடு போய்ப் பிடித்துவைக்கிறவர் அவர். பத்திரம் பிடித்துவைத்திருப்பவர்கள் நாங்கள்.

காகிதத்தில் எழுதிக்கொடுத்தால் அவர் பங்குக்கு அவர் கேட்கலாம். எழுதிக்கொடுக்க யாரும் துணிவதில்லை. 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எழுதினால் நிலம் போய்விடும் என்று தாத்தா காலத்துப் பயம். தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் வாட்ஸப்பில் உடனே வந்தது: 'எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, விற்கும்போது சிக்கல்.' கூடவே கைகூப்பின பொம்மை ஒன்று.

பெரியப்பா பதில் ஏதும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "உன் பங்கு எவ்வளவுன்னு அளந்து பிரிச்சா எங்க வரும் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "மடைகிட்ட. தண்ணி உன் துண்டு வழியாத்தான் மத்த ரெண்டுக்கும் போவணும்."

சர்வேயருக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அடுத்த மாசம் அளக்க வருகிறார்.